நீங்கள் யாருக்கு வேண்டியவர்?



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க அழைத்தபோது என்ன பேசுவது என்று சில நாள் யோசித்தேன். விசாரணை ஆணையங்களின் அறிக்கைகளைப் பற்றியும், அவற்றின் பரிந்துரைகள் என்ன ஆயின என்பது பற்றியும் பேசத் தக்கவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். நான் அறிக்கைக்கும் முந்திய ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பள்ளியோ, விடுதியோ, திருச்சபையோ, அரசுக் காப்பகமோ, தன் பொறுப்பில் இருந்த குழந்தைகளுக்கு ஒரு நிறுவனம் இழைத்த கொடுமையை விசாரிக்கும்போது, அந்தத் தலைமை நாற்காலியில் யாரை உட்கார வைப்பது?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியர் விடுதியில் நடந்த கொடுமையை விசாரிக்கச் சென்ற உண்மை அறியும் குழுவில் நானும் இருந்தேன். விடுதி அலுவலக அறையிலேயே எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். காப்பாளர் கொடுத்தனுப்பிய டீ மேசைமேல் இருந்தது. ஒரு சிறுமியின் தாயார் வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. மேசையையும் அந்த டம்ளர்களையும் ஒரு தரம் பார்த்தார். "நீங்கல்லாம் யாருக்கு வேண்டியவங்க சார்?" என்று கேட்டார். நாங்கள் எங்கள் படிப்பையும் பதவியையும் சொன்னோம். அவர் கேட்டது அதையல்ல. மகளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டார். மறுநாள் அவர் வீட்டுத் திண்ணைக்கே போனோம். அன்றும் அவர் வாய் திறக்கவில்லை.

அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நான் இங்கிலாந்தின் அனுபவத்தைப் படித்தேன்.

நிறுவனங்களில் குழந்தைகள்மீது நடந்த பாலியல் கொடுமைகளை விசாரிக்க 2014 ஜூலையில் இங்கிலாந்து உள்துறை அமைச்சர் தெரேசா மே ஒரு குழுவை அறிவித்தார். முதலில் தலைவராக அறிவிக்கப்பட்டவர் எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் நீதிபதி. 1980களில் கிளீவ்லாந்தில் குழந்தைகள் தொடர்பான பெரிய விசாரணையை நடத்தி நற்பெயர் எடுத்தவர். தகுதியில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருடைய அண்ணன் மைக்கேல் ஹேவர்ஸ் 1980களில் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். அந்தக் காலத்தில் மேலிடத்தில் இருந்தவர்கள் புகார்களை எப்படிக் கையாண்டார்கள் என்பதும் விசாரணைக்குள் வரும். அண்ணன் நடந்துகொண்ட விதத்தைத் தங்கை எப்படி எடைபோடுவார்? ஆறே நாளில் அவர் விலகினார். அதை நான் அவருக்கு நேர்ந்த இழுக்காகக் கருதவில்லை. விலக வேண்டிய இடத்தில் தாமதிக்காமல் விலகியதும் ஒரு நீதிபதிக்குரிய செயல்தான்.

அடுத்து வந்தவர் லண்டன் மாநகரின் லார்டு மேயராக இருந்த ஃபியோனா உல்ஃப். 1983இல் ஜெஃப்ரி டிக்கன்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் புகார்க் கோப்பு ஒன்றைக் கொடுத்தபோது உள்துறை அமைச்சராக இருந்தவர் லியோன் பிரிட்டன். அந்தக் கோப்புக்கு என்ன நேர்ந்தது என்பது பலரும் கேட்ட கேள்வி. உல்ஃபோ பிரிட்டன் குடும்பம் இருந்த அதே தெருவில் குடியிருந்தவர். அவர்களை மூன்று முறை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்திருக்கிறார். இரண்டு முறை அவர்கள் வீட்டு விருந்துக்குப் போயிருக்கிறார். இதில் குற்றம் எதுவும் இல்லை. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் சாப்பிட அழைப்பது நம் ஊரிலும் உண்டு. ஆனால் இந்த உறவைத் தெரிவித்து அவர் அமைச்சருக்கு எழுதிய கடிதம் ஏழு முறை திருத்தி எழுதப்பட்டது என்பது வெளியானது. அதிலும், எந்த அரசின் செயலை விசாரிக்க வேண்டுமோ அந்த அரசின் உள்துறை அலுவலர்களே திருத்தத்துக்கு உதவியிருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களின் நம்பிக்கை அங்கேதான் போயிற்று. விருந்தைக் கூட மன்னித்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். அந்த ஏழு வரைவுகளை மன்னிக்க முடியவில்லை. அக்டோபர் 31 அன்று உல்ஃப் விலகினார்.

உள்ளூரில் யாருக்கும் வேண்டாதவராக ஒருவர் வேண்டும் என்று நியூசிலாந்து நீதிபதி லோவல் காடர்டை அழைத்து வந்தார்கள். 2015இல் குழு கலைக்கப்பட்டு, சாட்சிகளைக் கட்டாயப்படுத்தி அழைக்கும் அதிகாரத்தோடு சட்டப்படியான விசாரணையாயிற்று. 2016 ஆகஸ்டில் அவரும் விலகினார்.

நான்காவதாக வந்தவர் பேராசிரியர் அலெக்சிஸ் ஜே. நீதிபதி அல்லர், சமூகப் பணியாளராகத் தொழில் தொடங்கியவர். ராதரம் நகரில் 1997 முதல் 2013 வரை ஏறத்தாழ 1,400 குழந்தைகள் சுரண்டலுக்கு ஆளானார்கள் என்று 2014இல் எழுதியவர் அவர்தான். அவரையும் அந்தக் கேள்வி விடவில்லை. தெற்கு லண்டனில் லாம்பெத் நகரவை நடத்திய ஷெர்லி ஓக்ஸ் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்களின் சங்கம், சமூகப் பணித்துறையைச் சேர்ந்தவர் சமூகப் பணித்துறையின் தவற்றை எப்படி விசாரிப்பார் என்று கேட்டு, 2016 நவம்பரில் விசாரணையை விட்டே வெளியேறியது. நியாயமான கேள்வி. அதற்கு அவர் பேட்டியில் பதில் சொல்லித் தீர்த்துவிட முடியாது. 2021 ஜூலையில் லாம்பெத் பற்றிய அறிக்கை வந்தது. 700க்கும் மேற்பட்டோர் புகார் சொல்லியிருந்த அந்த நகரவை, தன் பொறுப்பில் இருந்த குழந்தைகளை மதிப்பற்றவர்களாக நடத்தியது என்று ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருந்தது. தன் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு அவர் வேண்டியவராக இல்லை என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் இறுதி அறிக்கை வரும்போது, 6,000க்கும் மேற்பட்டோர் தம் அனுபவத்தைத் தனியே அந்த விசாரணையிடம் சொல்லியிருந்தார்கள்.

அயர்லாந்தின் கதை வேறு. அங்கே தலைவர்மீது யாருக்கும் ஐயம் இல்லை. கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் குழந்தைகள் பட்ட பாட்டை விசாரிக்க 2000இல் அமைந்த ஆணையத்துக்கு நீதிபதி மேரி லஃபாய் தலைவர். அந்தப் பள்ளிகளை மேற்பார்வை செய்திருக்க வேண்டியது கல்வித் துறை. ஆணையத்துக்குப் பணமும் ஆளும் தர வேண்டியதும் அதே கல்வித் துறை! விசாரிக்கப்படுபவர் கையில் விசாரிப்பவரின் பணப்பெட்டி. மூன்று ஆண்டு பொறுத்துப் பார்த்த லஃபாய், பணியைச் செய்ய அரசு வழிவிடவில்லை என்று எழுதிவிட்டு 2003 செப்டம்பரில் விலகலை அறிவித்தார். அவருக்குப் பின் வந்த ஷான் ரயன் 2009 மே மாதம் ஐந்து தொகுதி அறிக்கையை வெளியிட்டார். அந்த அறிக்கையில் லஃபாயின் விலகலுக்கும் பங்கு உண்டு என்பது என் முடிவு. பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கும் தலைவர், தடையை வெளியே சொல்வதில்லை.

கனடாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு காட்சி கண்முன் வருகிறது. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றிய உண்மை, நல்லிணக்க ஆணையம் அது. முதல் தலைவர் சக உறுப்பினர்களோடு ஒத்துப்போக முடியாமல் 2008இல் விலக, மற்ற இருவரும் விலக, 2009இல் மறுபடி அமைத்தார்கள். தலைவர் மரே சின்கிளேர், கனடாவின் இரண்டாவது பூர்வகுடி நீதிபதி. உறுப்பினர் வில்டன் லிட்டில்சைல்ட் அத்தகைய பள்ளிகளில் 14 ஆண்டு கழித்தவர். சாட்சி சொன்னவர்கள் கண் துடைத்த காகிதக் கைக்குட்டைகளைக் குப்பையில் போடவில்லை. தொண்டர்கள் காகிதப் பைகளில் சேர்த்து, தங்கள் மரபுப்படி வளர்த்த புனித நெருப்பில் இட்டார்கள். கண்ணீரைக் குப்பையாகக் கருதக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அந்த மக்களுக்கு வேண்டியவர்கள் தலைமையில் இருந்ததால் அது தெரிந்திருந்தது.

அப்படியானால் பாதிக்கப்பட்டவரே தலைவராக வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். அதையே விதியாக்க நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியா 2013இல் இத்தகைய விசாரணைக்கு ஆறு பேரை நியமித்தது. தலைவர் நீதிபதி பீட்டர் மக்லெலன். அவரோடு ஓய்வுபெற்ற காவல்துறை உயர் அதிகாரி, பூர்வகுடி மனநல மருத்துவர் ஹெலன் மில்ராய், குழந்தையாக இருந்தபோது பிரிட்டனிலிருந்து ரொடீசியாவுக்கு அனுப்பப்பட்ட முன்னாள் செனட்டர் ஆண்ட்ரூ மரே எனப் பலவகைப்பட்டவர்கள். குறுக்கு விசாரணை இல்லாமல், மூடிய அறையில், ஆணையர் முன் பேச வழி செய்து சட்டத்தையே திருத்தினார்கள். 8,000க்கும் மேற்பட்டோர் அப்படி வந்து பேசினார்கள். நடந்ததை முதன்முதலாக ஒருவரிடம் சொல்ல அவர்களுக்குச் சராசரியாக 23.9 ஆண்டு ஆகியிருந்தது. எதிரே இருப்பவரின் முகத்தில் அவசரமோ ஐயமோ தெரிந்தால், அத்தனை ஆண்டு காத்திருந்தவர் எழுந்து போய்விடுவார். எங்கள் முன்னிருந்து ஒரு தாய் பேசாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு விசாரணைச் சட்டத்தில் 9ஆம் பிரிவு, விசாரிக்கப்படும் பொருளோடு நேரடித் தொடர்போ, அதில் அக்கறை உள்ளவரோடு நெருங்கிய உறவோ நடுநிலையைப் பாதிக்குமானால் அப்படிப்பட்டவரை நியமிக்கக் கூடாது என்கிறது. முதல் இரண்டு நியமனங்களும் அந்தச் சட்டத்தின் கீழ் நடக்கவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். நம் நாட்டின் விசாரணை ஆணையங்கள் சட்டம் 1952இல் வந்தது. 3ஆம் பிரிவு ஆணையத்தை அமைக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. அறிக்கையையும் எடுத்த நடவடிக்கையையும் ஆறு மாதத்துக்குள் அவையில் வைக்கச் சொல்கிறது. தலைவராக யார் வரக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

இந்த அவையிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. கலைந்து போகுமுன் அந்த வரியை நாம் எழுத வேண்டும். தலைவராக வருபவர் தம் உறவுகளைத் தம் கையாலேயே எழுதி, நியமனத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் அதைப் பார்த்து மறுப்புச் சொல்லக் கால அவகாசம் வேண்டும். விசாரிக்கப்படும் துறை ஆணையத்தின் செலவைக் கையாளக் கூடாது. மூத்த வழக்குரைஞர்கள் இதற்குச் சட்ட வடிவம் கொடுங்கள். நாளை மாலை நிறைவு அமர்வில் அதைத் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்புவோம்.