இரவுப் பாலைப் பகலுக்கு மாற்றுதல்

(திருச்சிராப்பள்ளியில் கூடிய நமது சங்கத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கத்தின் வாசகம்)



கல்வி நிதி, விவாகச் செலவு, மாணவர் விடுதி முதலிய பெரிய விஷயங்களைப் பற்றி இச்சபையில் பிரசங்கங்கள் பல நிகழ்ந்துள்ளன. நாம் இன்று எடுத்துக்கொண்டதோ, நள்ளிரவில் ஒரு கைக்குழந்தை குடிக்கும் பாலைப் பற்றியது. இது சபையேறத் தக்க விஷயமா என்று நகைப்பவரும் இருக்கலாம். ஆயினும், மாமியாரும் மருமகளும் மனங்கசந்து நிற்பதற்கும், ஓராண்டுக் காலம் சரிவர உறங்காத தாய் உடல் நலிந்து போவதற்கும், படித்த பெண்கள் நல்ல உத்தியோகத்தைப் பாதியில் விட்டுவிடுவதற்கும் இந்த நள்ளிரவுப் பால் எத்தனை வீடுகளில் காரணமாயிருக்கிறதென்பதை அறிந்தவர் நகையார்.

முதலில் எல்லையை வரையறுத்துக்கொள்வோம். பிறந்த குழந்தைக்கு ஆறு திங்கள் நிரம்பும் வரையில் தாய்ப்பாலன்றி வேறொன்றும் வேண்டா, தண்ணீரும் வேண்டா என்பது உலக சுகாதார நிறுவனத்தார் கூறும் விதி. அப்பருவத்தில் குழந்தையின் வயிறு சிறிது. தாய்ப்பாலோ விரைவில் செரிப்பது. ஆகவே இரவில் இரண்டு மூன்று முறை விழித்தழுவது அதற்கு இயல்பேயன்றிக் கெட்ட பழக்கமன்று. அந்த இளங்குழந்தையின் பாலை நிறுத்துவதைப் பற்றி நாம் ஒரு சொல்லும் சொல்லப் போவதில்லை. நாம் பேசுவது, ஆறு திங்கள் கடந்து, எடை ஒழுங்காக ஏறி, குழைந்த சோறும் கஞ்சியும் உண்ணத் தொடங்கிவிட்ட குழந்தையைப் பற்றியே. அதிலும் ஒரு வேற்றுமை உண்டு. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஆறு திங்களுக்குப் பின் மெல்லத் தொடங்கலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு முதல் ஆண்டு நிறைவை ஒட்டித் தொடங்குவதே நன்று. குறைமாதத்தில் பிறந்த குழந்தையும், எடை குன்றிய குழந்தையும் வைத்தியரைக் கேளாமல் இம்முயற்சிக்கு உட்படலாகாது.

உத்தியோகம் பார்க்கும் சகோதரிகள் இவ்விடத்தில் சற்றுச் செவிசாய்க்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பெற்று, முதலிரண்டு குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வாரமாயிருந்த விடுப்பு 26 வாரமாயிற்று. அதில் எட்டு வாரம் வரையில் பிரசவத்துக்கு முன்னரே எடுத்துக்கொள்ளலாமாதலால், பலர் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு ஐந்து திங்களும் நிரம்புவதில்லை. "வேலைக்குப் போகுமுன் இரவுப் பாலை நிறுத்திவிட வேண்டும்" என்று வீட்டிலுள்ளோர் அவசரப்படுகின்றனர். இது தலைகீழான யோசனை. பாலைச் சுரப்பிக்கும் புரோலாக்டின் என்னும் சுரப்புநீர் தாயின் உடலில் இரவிலேயே மிகுதியாயிருக்கும். பகல் முழுதும் திருவெறும்பூரிலோ பொன்மலையிலோ கண்டோன்மெண்டிலோ வேலையிலிருக்கும் தாய்க்கு, இரவில் கொடுக்கும் பாலே மறுநாள் பால் வற்றாமல் காப்பது. அதை ஐந்தாம் திங்களில் நிறுத்தினால் நிற்பது இரவுப் பால் மட்டுமன்று. சில வாரங்களில் எல்லாப் பாலும் குறைந்து, டப்பாப் பால் வீட்டுக்குள் வந்துவிடும். அத்தாய்க்கு அப்போது வேண்டுவது, பாலை நிறுத்தும் உபாயமன்று. மாலையில் சமையற்கட்டிலிருந்து விடுதலையும் ஒன்பது மணிக்கே படுக்கையுமாம்.

இனி, காலம் வந்த குழந்தையின் விஷயத்துக்கு வருவோம். பெரியாழ்வார் யசோதையின் நிலையில் நின்று பாடிய திருமொழியில், கண்ணனை 'அம்மம்' உண்ண அழைக்கும் பதிகம் ஒன்றுண்டு. அம்மம் என்பது முலைப்பால். குழந்தை இரவில் பால் குடியாமலே உறங்கிப் போயிற்று. இப்பொழுதோ பகல் ஏறி உச்சியாகிவிட்டது. எழுந்து வந்து உண் என்று தாய் கெஞ்சுகிறாள். பக்தர்களுக்கு இதில் வேறு உட்பொருள்கள் உண்டு. அவற்றை உரைக்க நாம் தகுதியுடையோமல்லோம். ஆயின் பிள்ளை வளர்த்த ஒருவருடைய கண் அப்பதிகத்தில் இருப்பதை யாரும் காணலாம். இரவில் குடியாத பாலைப் பகலில் குடிப்பிக்கவே அத்தாய் முயல்கிறாள். நாம் சொல்ல வந்ததும் அதுவே. இரவுப் பாலை ஒழிப்பது என்று எண்ணாதீர்கள். பகலுக்கு மாற்றுவது என்று எண்ணுங்கள். பகலில் ஏறாத பால் இரவில் குறையாது.

நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. எட்டுத் திங்கள் குழந்தைக்குப் பகலெல்லாம் வேடிக்கை. தெருவில் கீரைக்காரி கூவினால் திரும்பும். கதவு தட்டினால் திரும்பும். இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையை நிமிர்த்திச் சிரிக்கும். தாயும் போதுமென்று எழுந்துவிடுகிறாள். ஊரடங்கிய பின் குழந்தை தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. ஆகையால் பகற்பாலை வெளிச்சம் குறைந்த உள்ளறையில், பேச்சின்றிக் கொடுக்க வேண்டும். பருப்பும் நெய்யும் இட்டுக் குழைத்த சோறு, கேழ்வரகுக் கஞ்சி, இட்லி, மசித்த பூவன் பழம் இவற்றைப் பகலில் இரண்டு மூன்று வேளை ஊட்ட வேண்டும். பின்னர், வீட்டார் படுக்கப் போகுமுன் ஒருமுறை வயிறாரப் பால் கொடுக்க வேண்டும். திருவரங்கத்தில் இரவுக் கடைசியில் பெருமாளுக்கு அரவணை அமுது செய்வித்து நடை சாத்தினால், மறுநாட் காலை விசுவரூப தரிசனத்துக்கே நடை திறப்பு. அரங்கனுக்கு அமைந்த ஒழுங்கு நம் வீட்டுக் கண்ணனுக்கும் ஆகாதோ என்று விளையாட்டாகச் சொல்லலாம். ஆனால் இந்தக் கடைசி அமுது வயிறு நிரம்பக் கொடுக்கப்பட்ட வீடுகளில் பின்னிரவு எளிதாவது உண்மை.

அதன் பிறகும் இரண்டு மணிக்கு விழிக்கும் குழந்தைக்கு என் செய்வது? சில இரவுகள் கவனித்துப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் குடித்து உறங்கிவிடுமாயின், அது பசியன்று. உறங்குவதற்கு அது கண்ட வழி. அதை ஒரேயடியாக நிறுத்தி, வேறு விதமாக உறங்க வைக்கலாம். பத்து நிமிஷம் விழுங்கிக் குடிக்குமாயின் பாதிப் பசியேனும் உண்டு, அதைப் பிடுங்கலாகாது. ஓரிரவு விட்டு ஓரிரவு இரண்டு நிமிஷம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். புட்டியானால் அவ்வாறே ஒருமுறைக்கு 20 அல்லது 30 மில்லிலிட்டர் குறைக்க வேண்டும். அறுபதுக்கு வந்துவிட்டால் நிறுத்திவிடலாம். பாலின் அளவைக் குறைக்க வேண்டுமேயன்றி, அதில் தண்ணீரைக் கூட்டுவது தவறு. இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் காரியம் முடியும். புட்டியை வாயில் வைத்தபடியே உறங்க விடுவது மட்டும் எக்காலத்தும் வேண்டா. இரவெல்லாம் பால் தேங்கி மேல்வரிசை முன்பற்கள் முளைத்தவுடனே சொத்தையாவதைப் பல் வைத்தியர்கள் நாள்தோறும் காண்கின்றனர்.

குறைத்தபின் அழும் குழந்தையைத் தேற்றுவது யார் என்பதே இதில் முக்கியமான கேள்வி. தாய் தேற்ற முடியாது. அவள் அருகில் வந்தவுடன் பால்மணம் குழந்தையை எட்டும். கொடாதிருந்தால் அழுகை இரட்டிக்கும். ஆகவே தந்தை எழ வேண்டும். இதைச் சொல்லும்போது ஆண்கள் அமர்ந்திருக்கும் பக்கத்தில் ஒரு சலசலப்பு உண்டாவதை நாம் அறிவோம். ஆனால் நாம் எந்த ஊரிலிருந்து பேசுகிறோம் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. காவிரியில் வெள்ளம் பெருகி, பெற்ற தாய் அக்கரையில் நின்றுவிட, இக்கரையில் பிரசவ வேதனையுற்ற ரத்தினாவதிக்குச் சிவபெருமான் தாய் வடிவில் வந்து மருத்துவம் பார்த்தார் என்பது மலைக்கோட்டையின் தலவரலாறு. அதனாலன்றோ அவர் தாயுமானவர். சுகப்பிரசவம் வேண்டி அச்சந்நிதியில் வாழைத்தார் நேர்ந்துகொள்ளும் நம் ஆண்மக்கள், பிரசவம் ஆனபின் பதினைந்து இரவு தோளில் குழந்தையைச் சாய்த்துத் தட்டிக்கொடுக்க மறுப்பது பொருந்துமா? தந்தையில்லாத வேளையில் பாட்டி செய்யலாம். தாலாட்டில் வரும் 'தால்' என்பது நாவைக் குறிக்கும். பிள்ளைத்தமிழிலும் செங்கீரைக்கும் சப்பாணிக்கும் இடையில் தாலப் பருவம் வைக்கப்பட்டிருக்கிறது. பாலுக்கு மாற்றாக நம் பாட்டிமாரிடம் நாவின் மருந்து ஒன்று உண்டு. அதை மறந்துவிட்டுக் கைப்பேசியின் பாட்டை வைத்துவிடுகிறோம். அதன் வெளிச்சம் குழந்தையை இன்னும் விழிக்கச் செய்கிறது.

நம்மவர் கைக்கொள்ளும் வேறு உபாயங்களைப் பற்றியும் கூறியாக வேண்டும். முலைக்காம்பில் வேப்பிலையையோ கற்றாழையையோ அரைத்துத் தடவுவது பழைய வழக்கம். அது பாலை அடியோடு மறக்கடிக்கச் செய்யும் செயல். இரவில் கசந்தது பகலில் இனிக்கும் என்று குழந்தைக்கு எவ்வாறு தெரியும்? வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்றும், இரவில் பெயர் சொல்லலாகாதென்றும் போற்றினர் நம் முன்னோர். அதைக் கையில் வளையாகக் கட்டுவது வேறு. உரைத்து உள்ளே கொடுப்பதை இக்கால வைத்தியர்கள் வேண்டாமென்கின்றனர். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதிலுள்ள ஒருவகைக் கிருமியால் தசைகளைத் தளர்த்தும் நஞ்சு உண்டாகக்கூடும். உறக்கத்துக்கென்று எந்தத் துளி மருந்தும் வேண்டா. ஆலை வேலைக்குப் போன ஏழைத் தாய்மார் குழந்தைக்கு அபின் கொடுத்து உறங்க வைத்த கொடுமையை 1931-இல் வெளிவந்த இந்தியத் தொழிலாளர் விசாரணைக் குழுவின் அறிக்கையும் எடுத்துரைத்தது. அத்தாய்மாரை நாம் நிந்தியோம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு ஆளில்லை. நமக்கு ஆள் உண்டு.

மேல்நாட்டு முறை என்று சிலர் கூறுவது, அழவிட்டுப் பழக்குவதாம். நியூஸிலாந்தில் டிரூபி கிங் என்னும் வைத்தியர் 1907-இல் தாய் சேய் நலச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துப் பால், இரவில் பாலே இல்லை என்று விதித்தார். அவருடைய சுத்தமும் ஒழுங்கும் பல குழந்தைகளுக்கு நன்மை செய்தன. ஆனால் பிறந்த குழந்தைக்கும் கடிகாரம் காட்டிய அந்தக் கடுமையை இக்காலத்தார் கைவிட்டனர். அமெரிக்காவில் 1985-இல் ஃபெர்பர் என்பவர் எழுதிய நூல், சிறிது சிறிதாக இடைவெளி விட்டுத் தேற்றும் முறையைப் பரப்பிற்று. தனியறையில் தொட்டிலிட்டு வளர்க்கும் நாட்டுக்கு அது ஏற்குமோ என்னவோ. சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில், ஒரே கூடத்தில் நால்வர் படுத்திருக்க, ஒரு மணி நேரம் குழந்தையை அழவிட்டால் அடுத்த வீட்டார் கதவைத் தட்டுவர். நமக்கு வேண்டுவது அணைத்தபடி மறுப்பது. அழுகை இருக்கும், ஆனால் தந்தையின் தோளில் அழும்.

தாயின் உடலையும் மறக்கலாகாது. திடீரென்று நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகும். வலி தீரும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சிவிட வேண்டும். முழுதும் பீய்ச்சினால் மறுபடியும் அவ்வளவே சுரக்கும். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டுவதில்லை. இரவுப் பால் நின்ற தாய் பகலில் இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும் தாராளமாகக் கொடுக்கலாம். "இரவில் நிறுத்திவிட்டாளே, பிள்ளை ஏங்கிப்போகும்" என்று சொல்லும் மாமியார்மார் இதைக் கேட்டுக்கொள்வாராக.

குழந்தைக்குச் சுரம், வயிற்றுப்போக்கு, தடுப்பூசி போட்ட இரவு, தாய்வீட்டிலிருந்து புகுந்த வீடு வந்த வாரம் ஆகிய காலங்களில் தொடங்க வேண்டா; தொடங்கியிருந்தாலும் நிறுத்திவைத்துக் கேட்டபோது கொடுக்கலாம். திருவரங்கத்து வீட்டார்க்கு இன்னுமொன்று. மார்கழியில் ஏகாதசிக்கு உறவினர் வந்து கூடம் நிறைந்திருப்பர். பரமபத வாசலுக்காக வீடே விடியுமுன் எழுந்து விளக்கேற்றும். அம்மாதத்தில் குழந்தையின் உறக்கத்தைத் திருத்த யாராலும் ஆகாது. விருந்தினர் ஊர் திரும்பியபின், தை மாதத்தில், தந்தைக்கு வேலை நெருக்கடியில்லாத இரண்டு வாரத்தைப் பார்த்துத் தொடங்குங்கள்.