இறந்தோருக்கு நாம் செலுத்தும் கடைசிக் கடன்



நவம்பர் மாதத்தை நாம் இறந்தோரின் மாதமாகக் கடைப்பிடிக்கிறோம். கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, மாலை சாற்றி, மெழுகுதிரி ஏற்றுகிறோம். பெற்றோர் பெயரில் திருப்பலிக் கருத்து எழுதிக் கொடுக்கிறோம். இவையெல்லாம் நல்லவை. ஆனால் ஒரே கல்லறைக்கு அண்ணன் காலையிலும் தம்பி மாலையிலும், ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வந்துபோவதையும் நம் பங்குகளில் பார்க்கிறோம். விசாரித்தால், இருவருக்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் ஒரு வீடு, அல்லது அரை ஏக்கர் நிலம்.

லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில், கூட்டத்திலிருந்து ஒருவர், சொத்தைப் பங்கு பிரித்துத் தரும்படி தம் சகோதரரிடம் சொல்லுமாறு ஆண்டவரைக் கேட்கிறார். நடுவராக இருக்க ஆண்டவர் மறுத்துவிடுகிறார். பங்கு கேட்டதே தவறு என்று அவர் சொல்லவில்லை. பேராசையைக் குறித்துத்தான் எச்சரிக்கிறார். பிறகு, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் உவமையைச் சொல்கிறார். நீ சேர்த்தது யாருக்குப் போகும் என்பதே அந்தச் செல்வனிடம் கடவுள் கேட்கும் கேள்வி. இன்று நம்மிடமும் அதைக் கேட்கிறார்.

இந்தியக் கிறிஸ்தவர்களாகிய நமக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்துகிறது. அதில் ஓர் ஒழுங்கு உண்டு. இறந்தவர் விட்டுச்சென்றதிலிருந்து முதலில் அடக்கச் செலவையும் கடைசி நோயின் மருத்துவச் செலவையும் தீர்க்க வேண்டும். அடுத்து நீதிமன்றச் செலவு. அதற்கடுத்து, இறப்பதற்கு முந்தைய 3 மாதங்களில் அவருக்காக உழைத்த கூலியாள், கைவினைஞர், வீட்டுப் பணியாளர் ஆகியோரின் கூலிப் பாக்கி. பின்னர் மற்றக் கடன்கள். எல்லாம் தீர்ந்து மிஞ்சுவதுதான் வாரிசுகளுக்கு.

கூலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் செல்வரைப் புனித யாக்கோபு தம் திருமுகத்தில் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார்! படுக்கையில் கிடந்த அப்பாவைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருக்கிறதா? தெருமுனைக் கடை நோட்டில் அப்பா பெயரில் பற்று இருக்கிறதா? அதை முடித்துவிட்டு நிலத்தை அளப்போம். இறந்தவர் தாமாக வந்து தம் கடனை அடைக்க முடியாது. அவருடைய நீதி இப்போது நம் கையில் இருக்கிறது.

உயில் இல்லாமல் கணவர் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவச் சட்டத்தில் மகளுக்குக் கிடைத்தது மகனின் பங்கில் கால்பகுதி, அல்லது 5,000 ரூபாய். இவற்றில் எது குறைவோ அதுதான். இந்தியச் சட்டமே அங்கும் பொருந்தும் என்று 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, செலொபுகாதின் ஐந்து புதல்வியர் மோசேயின் முன் நின்று தந்தையின் பங்கைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது முறையே என்றார் ஆண்டவர். எண்ணிக்கை நூல் 27ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துப் பாருங்கள்.

ஆனாலும், "நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று" என்று சொல்லி, தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறோம். அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அன்பு. பிறந்த வீட்டுக்கு இனி வர முடியாதோ என்ற பயத்தில் கையெழுத்திட்டால், அது பறிப்பது. பதிவு அலுவலகத்தில் அந்தப் பத்திரம் செல்லலாம். கடவுளின் முன் செல்லுமா?

உயில் எழுதினால் சாவு வந்துவிடும் என்று நாம் அஞ்ச வேண்டாம். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் வேண்டும். பயன்பெறுபவரோ அவருடைய கணவரோ மனைவியோ சாட்சியாகக் கையெழுத்திடக் கூடாது. இட்டால் அவருக்கு எழுதியது செல்லாது. வங்கியில் நாமினியாக இருப்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. கோவிலுக்கு எழுதி வைக்க விரும்புவோருக்கும் ஒரு வார்த்தை: முதலில் கடன், பிறகு துணைவியின் பிழைப்பு, அதன்பிறகு கோவில். மனைவியைத் தவிக்கவிட்டுக் கட்டும் கெபி மாதாவுக்கு மகிழ்ச்சி தராது.

உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவர், அதை நீதிமன்றத்தில் மெய்ப்பித்துப் பெறும் சான்றுக்குப் புரொபேட் என்று பெயர். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இந்தியக் கிறிஸ்தவர்களின் உயிலுக்கு அது கட்டாயமில்லை. ஆனால் தகராறு வரும் என்று தெரிந்தால், வழக்கறிஞரைக் கேட்டு அதைப் பெற்றுக்கொள்வது நல்லது. அதைப் பெற்றவர் 6 மாதத்திற்குள் சொத்துகள், கடன்களின் பட்டியலையும், ஓராண்டிற்குள் கணக்கையும் நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகாத குடும்பங்களும் இந்த நல்ல பழக்கத்தைக் கைக்கொள்ளலாம். பொறுப்பெடுத்த மூத்தவர் ஒரு நோட்டில் வரவும் செலவும் எழுதி, உடன்பிறந்தோர் எல்லாரும் பார்க்கும்படி வைக்கட்டும். மறைத்து வைத்த ஒரு ரசீதிலிருந்துதான் பல சந்தேகங்கள் முளைக்கின்றன.

அன்புக்குரியவர்களே, இந்த மாதம் பெற்றோருக்காகத் திருப்பலிக் கருத்து எழுதிக் கொடுக்கும்போது, அவர்களுடைய கடன் தீர்ந்ததா, அம்மாவுக்கும் அக்கா தங்கைக்கும் உரியது சேர்ந்ததா என்றும் கேட்டுக்கொள்வோம். நம் இறந்தோருக்கு ஆண்டவர் நிலையான இளைப்பாற்றியையும், நமக்கு நேர்மையாய்ப் பிரித்துக்கொள்ளும் மனத்தையும் தருவாராக. ஆமென்.