நம் கூரைத் தண்ணீர் யார் வீட்டுக்குப் போகிறது?

(மழைக்காலத்துக்கு முன் மஹல்லா மக்களிடையே ஆற்றிய உரை)



ஐப்பசி நெருங்குகிறது. வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் குடியிருக்கும் நமக்கு இப்போதே கவலை வந்துவிடும். பீரோவை எதன் மேல் ஏற்றுவது, காரை எந்த மேம்பாலத்தில் கொண்டுபோய் விடுவது என்று யோசிப்போம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் நாம் யாரும் மறக்கவில்லை. அரசு செய்ய வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். அதே சமயம், மழைநீர் விஷயத்தில் சட்டம் நம்மிடம் கேட்பதும் சில உண்டு. இன்று அதைப் பற்றிப் பேசலாம்.

முதலில் தண்ணீர் போகும் வழியைத் தெரிந்துகொள்வோம். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு வரும். அது நிரம்பினால் பள்ளிக்கரணைக் கழுவெளிக்குப் போகும். இப்படித் தென்சென்னையில் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் வடியும் மழைநீர் அந்தக் கழுவெளியைத்தான் நம்பியிருக்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் பக்கம் கடலுக்குப் போகிறது. வருவது வேகமாக வரும். போவது மெதுவாகத்தான் போகும். இடையில் தண்ணீர் தங்க இடம் வேண்டும். அந்த இடம்தான் கழுவெளி. குப்பைக் கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. தங்க இடமில்லாத தண்ணீர் நம் வீட்டுக் கூடத்துக்கு வருகிறது.

இனி விதிகளுக்கு வருவோம்.

ஒன்று, மழைநீர் சேகரிப்பு. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயம். நம் வீடுகளிலும் குழாய் இருக்கிறது, குழியும் இருக்கிறது. ஆனால் குழிக்குள் மண்ணும் சருகும் அடைத்துக்கொண்டிருந்தால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் தண்ணீர். பத்து சென்டிமீட்டர் பெய்தால் 9,000 லிட்டர்! ஒரு தெருவில் ஐம்பது வீடு இதைத் தெருவில் கொட்டினால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெருமழையை முழுவதும் நம் குழி விழுங்கிவிடாது. ஆனாலும் தெருவில் ஏறும் தண்ணீர் குறையும், கோடையில் கிணற்றில் ஊறும் தண்ணீர் கூடும். மாடியைக் கூட்டுங்கள், ஜல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போடுங்கள், முதல் மழையை வெளியே விட்டுவிட்டுப் பிறகு குழிக்குத் திருப்புங்கள்.

இரண்டு, மழைநீர் வடிகாலில் மழைநீர் மட்டுமே போக வேண்டும். கழிவுநீர்க் குழாய் வேறு, அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. வடிகால் வேறு, அது மாநகராட்சியின் பொறுப்பு. வீட்டுக் கழிவுநீரை வடிகாலில் இணைப்பது சட்டப்படி குற்றம். செப்டிக் டேங்க் நிரம்பியதும் ராத்திரியோடு ராத்திரியாக மோட்டார் வைத்து வடிகாலில் விடுவதும் அப்படித்தான். அந்தத் தண்ணீர் சுத்திகரிக்கப்படாமல் நேராக ஏரிக்குப் போகிறது. அங்கே ஆகாயத்தாமரை மண்டுகிறது, கொசு பெருகுகிறது. வெள்ளம் வந்தால் அதே கழிவு தாழ்வான வீடுகளில் ஏறுகிறது. குர்பானி நாட்களிலும் இதை நினைவில் வையுங்கள். இரத்தத்தையும் குடலையும் வடிகாலில் தள்ளக் கூடாது. மாநகராட்சி எடுத்துச் செல்லும்படி தனியாகச் சேர்த்துக் கொடுங்கள்.

மூன்று, ஈரநிலப் பாதுகாப்பு. பள்ளிக்கரணையில் 1,247 ஹெக்டேர் பரப்பு 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள் இத்தகைய இடங்களில் ஆக்கிரமிப்பையும், குப்பை கொட்டுவதையும், சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவதையும் தடை செய்கின்றன. கடந்த பத்து ஆண்டுகளின் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநில அரசின் 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது.

இது நம் குடும்பங்களை நேராகத் தொடும் விஷயம். வளைகுடாவில் பல வருடம் உழைத்த பணம், பெண்பிள்ளையின் நகையை விற்ற பணம், இவற்றைப் போட்டு மனை வாங்குகிறோம். விலை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறோம். ஏன் குறைவு என்று கேட்பதில்லை. வில்லங்கச் சான்றிதழ் பார்த்தாயிற்று என்று நிம்மதியாகிவிடாதீர்கள். பதிவான கொடுக்கல் வாங்கலைத்தான் அது சொல்லும். அந்த நிலம் ஏரியா, வாய்க்காலா என்று சொல்லாது. அதற்கு 'அ' பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பார்க்க வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கு என்றிருந்தால் பத்திரம் பதிவாகியிருந்தாலும் மின் இணைப்பு இருந்தாலும் அந்த வீடு நிலைக்காது. அகற்றும் நாளில் விற்றவர் வந்து நிற்க மாட்டார். பிள்ளைகளோடு தெருவில் நிற்பது வாங்கியவர்தான். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்பே விவரம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

சகோதரர்களே, மதீனாவில் ஹர்ரா பகுதியிலிருந்து இறங்கிவரும் வாய்க்கால் தண்ணீர் குறித்து ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் ஓர் அன்சாரித் தோழருக்கும் வழக்கு வந்தது. மேட்டில் இருப்பவர் தம் தேவைக்குப் பாய்ச்சிக்கொண்டு பிறகு பக்கத்துத் தோட்டத்துக்கு விட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள் என்பது புகாரியில் பதிவான செய்தி. மேட்டில் இருப்பவருக்கு உரிமையும் உண்டு, பொறுப்பும் உண்டு. நம் மனையை மண் கொட்டி உயர்த்தி, தண்ணீரை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுகிறோமே, அங்கே இந்தப் பொறுப்பு என்ன ஆனது?

மழைக்கு முன் மூன்று வேலைகளை முடிப்போம். வீட்டுக்கு வீடு சேகரிப்புக் குழியைச் சுத்தம் செய்வோம். பள்ளிவாசலில் ஒளூ தண்ணீரைக் கழிப்பறைக் குழாயோடு கலக்காமல், தனி உறிஞ்சுகுழிக்கோ செடிகளுக்கோ திருப்புவோம். இளைஞர்கள் தெருவாரியாக நடந்து, அடைபட்ட வடிகால்களையும் அதில் கழிவுநீர் கலக்கும் இடங்களையும் குறித்து, மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணை ஜமாஅத் அலுவலகத்தில் எழுதி வையுங்கள். பதில் வரும்வரை ஜமாஅத்தாகச் சேர்ந்து கேட்போம்.

நம் வீடு நனையாமல் இருக்க துஆச் செய்கிறோம். நம்மால் பக்கத்து வீடு நனையாமல் இருக்கவும் பாடுபடுவோம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.