ஒரே கட்டியில் பல குடிகள்



நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு மல்லிகை கொண்டுவரும் உழவர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்துவந்தால் நாளடைவில் பூச்சி சாவதில்லை என்பார். பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. ஆயிரம் பூச்சிகளுள் மருந்தைத் தாங்க வல்லவை சில முன்னரே இருந்தன. ஏனையவை மடிய, அவையே பெருகின. புற்றுநோயின் வரலாறும் ஏறக்குறைய இத்தகையதே.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது அதனுள் உள்ள மரபுச் செய்தி முழுவதும் பெயர்த்தெழுதப்படுகின்றது. ஏடெழுதுவோர் கை தவறுவதுபோல இங்கும் பிழை நேரும். பெரும்பாலான பிழைகளை உயிரணு தானே திருத்திக்கொள்ளும். புகையிலையை அடக்கிவைக்கும் கன்னத்திலோ, அதன் நச்சுப் பொருள்கள் பிழைகளை மிகுவிக்கின்றன. பெருக்கத்தைத் தடுத்து நிறுத்தும் மரபணுக்களே பழுதுபடுமாயின், அவ்வணு வரம்பின்றிப் பெருகிக் கட்டியாகின்றது. பெருகுந்தோறும் புதுப் பிழைகள்! ஆகவே, ஒரு தாயணுவின் வழிவந்த கட்டிக்குள்ளேயே பல குடிகள் கிளைத்துவிடுகின்றன. ஒரு குடி விரைந்து வளரும். ஒன்று நிணநீர் வழியே கழுத்துக்குப் பரவும். மற்றொன்று மருந்துக்கு மடியாது. அமெரிக்க அறிஞர் பீட்டர் நவல் 1976-இல் இக்கருத்தைத் தெளிவாக எடுத்துரைத்தார்.

2012-இல் லண்டன் ஆய்வாளர்கள் சிறுநீரகப் புற்றுக் கட்டி ஒன்றின் பல இடங்களிலிருந்து துணுக்குகளை எடுத்து ஒப்பிட்டனர். மரபு மாற்றங்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கட்டியின் எல்லா இடங்களிலும் காணப்படவில்லை. உ.வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு கண்ட பணியை இது எனக்கு நினைவூட்டுகின்றது. எல்லாப் படிகளிலும் உள்ள பிழை மூத்தது. ஒரு படியில் மட்டும் உள்ளது பிந்தியது. கட்டியின் குலமுறையையும் இவ்வாறே கணிக்கின்றனர். ஓரிடத்துத் துணுக்கைமட்டும் சோதித்து நோய் முழுவதையும் அறிந்ததாகக் கொள்வது, ஒற்றை ஏட்டைக் கண்டு நூலைப் பதிப்பிப்பது போன்றதாகும்.

குடிகள் மிகுந்தால் நோயின் கொடுமையும் மிகுமா? 2013-இல் மிரோஸ், ராக்கோ என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், தலை கழுத்துப் புற்றுநோயாளர் 74 பேரின் கட்டிகளை ஆராய்ந்தனர். கட்டிக்குள் மரபு வேறுபாடு மிக்கிருந்தோர் குறைந்த காலமே உயிர்வாழ்ந்தனர். அதே ஆண்டில், கல்யாணி, மும்பை நகர்களின் அறிவியலார், நம் நாட்டில் மலிந்துள்ள ஈறு, கன்னப் புற்றின் மரபணு மாற்றங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டனர். பெயரால் ஒன்றான நோய், ஆளுக்கு ஆள் மரபணுவில் வேறுபட்டிருந்தது!

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். மரபணுவைப் படிக்கும் கருவி அன்று எங்கும் இல்லை. நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும் என்னும் விதி மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே. அதன் காரணம் இப்போது நன்கு விளங்குகின்றது. கட்டி சிறிதாக இருக்கையில், வேறுபட்ட குடிகள் தோன்றவும் பரவவும் வாய்ப்புக் குறைவு.

புகையிலைக்கு நெடுங்காலமாகப் பேர்பெற்ற திண்டுக்கல் வட்டாரத்தினர் நாம். உங்கள் வீட்டில் தாத்தாவோ அப்பத்தாவோ வெற்றிலையுடன் புகையிலை மெல்பவராயின், வாயில் வெண்திட்டோ, மூன்று வாரமாக ஆறாத புண்ணோ உண்டா என்று கேளுங்கள். இருந்தால், தாமதியாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "நோவு இல்லையே" என்று அவர்கள் மறுப்பர். தொடக்கத்தில் பெரும்பாலும் நோவு இராது.