பிள்ளைக்குப் பாலும் பெரியவன் கூலியும்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செக்ரோல் எழுதும் கிராணி நான். யார் எத்தனை கிலோ பால் கொண்டுவந்தார் என்பது என் ஏட்டில் இருக்கும். அவர் குழந்தையாக இருந்தபோது என்ன உண்டார் என்பது இராது. ஆனால், கூலியை அதுவும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

1970களில் இந்தோனேசியாவில், இரத்தசோகை கண்ட பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு 60 நாள் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். பால் வரவு கூடியது. சோம்பல் என்று பழிப்பது பல வேளை சோகையே!

பெரியவர் இரத்தத்தை மாத்திரை தேற்றும். பிள்ளைப் பருவத்தில் குன்றிய வளர்ச்சியை எது தேற்றும்? மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில், 1969 முதல் 1977 வரை குழந்தைகளுக்குப் புரதச்சத்துக் கஞ்சி கொடுத்தனர். வேறு சிலவற்றில் வெறும் இனிப்புப் பானம். இரண்டு வயதுக்குள் கஞ்சி குடித்த ஆண்கள், வளர்ந்தபின் மணிக்கூலியில் சராசரி 46 விழுக்காடு கூடுதலாகப் பெற்றனர்.

நம் மலேசியாவில், 2019ஆம் ஆண்டுச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை.

ஆகவே, கூலி உயர்வு கேட்கும் அதே மனுவில், ஆயாக் கொட்டகைக் குழந்தைகளுக்குப் பாலும் முட்டையும் கேட்போம். சம்பள நாளில் நாமும் முதலில் குழந்தையின் பங்கை ஒதுக்குவோம். அது தருமமல்ல; நாளைய கூலி!