ஆரஞ்சுத் தோலும் மன நலமும்

 

மகாராஷ்டிர மாநிலத்தில் நாகபுரி என்று ஒரு ஊர் இருக்கிறது. கமலா ஆரஞ்சுக்குப் பெயர் பெற்ற ஊர். பக்கத்தில் அமராவதி மாவட்டம். அங்கும் ஆரஞ்சுத் தோட்டங்கள் நிறைய உண்டு. 2014-ஆம் ஆண்டில் நாகபுரி ஆரஞ்சுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பழத்தைத் தின்கிறார்கள். தோலை எறிகிறார்கள். சாறு பிழியும் இடத்தைப் பாருங்கள். 100 கிலோ பழம் பிழிந்தால், ஏறக்குறைய பாதி எடை தோலும் சக்கையும்தான். குவித்து வைத்தால் அழுகும், நாறும், ஈ மொய்க்கும். சாண எரிவாயுக் கலனில் போடலாமே என்று கேட்பீர்கள். அளவுக்கு மீறிப் போட்டால் வாயு குறைந்துவிடும். தோலில் உள்ள எண்ணெய், வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்களைத் தடுக்கும்.

அப்படியானால் இந்தத் தோல் வெறும் குப்பையா? இல்லை.

தோலின் மேல் பகுதியில் சிறுசிறு எண்ணெய்ப் பைகள் உண்டு. தோலை மடக்கிப் பிழிந்தால் கண்ணில் பட்டு எரியுமே, அந்த எண்ணெய்தான். இதில் பெரும் பகுதி லிமோனீன் என்ற பொருள். வாசனைக்கு இதுவே முக்கியக் காரணம். தோலை அழுத்தியோ, ஆவியில் வடித்தோ எண்ணெய் எடுக்கிறார்கள்.

தோலின் உள்ளே வெள்ளைப் பகுதி இருக்கிறது. இதில் ஹெஸ்பெரிடின் என்ற பொருள் உண்டு. 1828-இல் பிரான்சு நாட்டு வேதியியலார் ஒருவர் இதைப் பிரித்தெடுத்தார். தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊற வைக்க வேண்டும். பிறகு வடிகட்டி, அந்த நீரில் அமிலம் சேர்க்க வேண்டும். அப்போது ஹெஸ்பெரிடின் தூளாகப் படியும். மூல நோய்க்குத் தரும் சில மாத்திரைகளில் இது சேர்கிறது.

மன நலத்துக்கும் இது உதவுமா? ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்கு ஹெஸ்பெரிடின் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சோர்வு குறைந்ததற்கான அடையாளங்கள் தெரிந்தன. ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரில் இன்னொரு சோதனை நடந்தது. பல் மருத்துவமனையில் காத்திருந்தவர்களின் அறையில் ஆரஞ்சு வாசனை பரப்பினார்கள். அங்கிருந்த பெண்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. இந்த முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளியானது.

நல்ல செய்திதான். ஆனால், எலி வேறு, மனிதர் வேறு. பல் வைத்தியத்துக்கு முன் வரும் பயம் வேறு, மாதக் கணக்கில் வாட்டும் மனச்சோர்வு நோய் வேறு. மனச்சோர்வுக்கு ஆரஞ்சுத் தோலிலிருந்து செய்த மாத்திரை எதுவும் இன்னும் மருந்தாக ஏற்கப்படவில்லை.

வீட்டில் தோலைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா? போதாது. ஹெஸ்பெரிடின் தண்ணீரில் எளிதில் கரையாது. தோலில் பூச்சி மருந்தும் ஒட்டியிருக்கலாம். வடித்த எண்ணெயைக் குடிக்கவே கூடாது. அது சட்டென்று தீப்பற்றும். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள்.

‘இந்தத் தோல் பொடியைச் சாப்பிடு, டாக்டர் மாத்திரையை விட்டுவிடு’ என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். பலன் தெரியவில்லை என்று பாதியில் நிறுத்தினால் நோய் முற்றும். உயிருக்கே ஆபத்தாகலாம்.

வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் வருத்தமாகவே இருக்கிறாரா? தூக்கம் இல்லையா? சோறு இறங்கவில்லையா? எதிலும் ஆசை இல்லையா? அவரைத் திட்டாதீர்கள். பேய் பிடித்தது என்று சொல்லாதீர்கள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இதற்கு ‘டெலி மானஸ்’ என்று பெயர். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசுவார்கள்.

ஆரஞ்சுத் தோலை மற்றக் குப்பையோடு கலந்து மக்க வையுங்கள். நல்ல உரமாகும். ஆராய்ச்சி நடக்கட்டும். நாளை அதிலிருந்து மருந்து வந்தால், அதை டாக்டரே எழுதித் தருவார். அதுவரை, தரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.