கூத்து மாதத்தில் வரும் தேர்வு



பிளஸ் டூ முடிவு இப்போதெல்லாம் மே மாதம் பிறந்த வேகத்தில் வந்துவிடுகிறது. 2023இல் மே 8ஆம் தேதி, 2024இல் மே 6, 2025இல் மே 8. அன்றிலிருந்து கல்லூரி திறக்கும்வரை கையில் இருப்பது சில வாரங்கள்தான். வரலாறோ வணிகவியலோ படிக்கிற பிள்ளைக்கு மதிப்பெண்ணை வைத்து வரிசை போட்டுவிடுவார்கள். பாட்டு, பரதம், நாதசுரம், நாடகம் என்று போகிற பிள்ளைக்கு மதிப்பெண் வாசற்படி மட்டும்தான். உள்ளே போய்த் தேர்வாளர்கள் முன்னால் பாடிக் காட்ட வேண்டும், ஆடிக் காட்ட வேண்டும். அறிவிப்பில் இதைச் செய்முறைத் தேர்வு என்பார்கள், நேர்காணல் என்பார்கள். பிள்ளைகள் வாயில் ஆடிஷன்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்தும் இன்னாட்டிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் அந்தத் தேர்வு அறை வரைக்கும் ஒரு பிள்ளை போய்ச் சேருவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. கல்வராயன் மலைப் பிள்ளைகள் தேர்வு அறைக்குள் தோற்பதைவிடத் தேதியில் தோற்பதுதான் அதிகம் என்பது என் கருத்து. குரல் இருக்கும், கால் இருக்கும், அன்றைக்கு அங்கே ஆள் இருக்காது.

ஏன் என்று பார்ப்போம்.

முதல் காரணம் பருவம். நம் பக்கத்தில் கூத்து எப்போது? பங்குனியில் தொடங்கினால் ஆடி வரைக்கும். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா. நல்ல குரலும் நல்ல அடவும் உள்ள பையன் இந்த மாதங்களில் வீட்டிலேயே இருக்க மாட்டான். இரவு பத்து மணிக்குக் களரி கட்டினால் விடியும்போதுதான் வேடம் கலைப்பான். வருஷத்தில் அவன் கையில் காசு புரள்வதும் இந்த மாதங்களில்தான். கல்லூரிகள் தேர்வு வைப்பதும் இதே மே, ஜூன் மாதங்களில்தான். தொண்டை கட்டிப்போன நிலையில், தூக்கமில்லாத கண்ணோடு, அவனால் தேர்வாளர் முன் போய் நிற்க முடிகிறதா? நின்றாலும், இவனுக்குக் குரலே இல்லை என்று அவர்கள் எழுதினால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா?

அதனால் கூத்து வாத்தியார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் செட்டில் இருக்கிற பிள்ளை கல்லூரிக்கு மனுப் போட்டிருந்தால், தேர்வுக்கு முந்தைய இரண்டு மூன்று இரவுகள் அவனைப் பின்பாட்டுக்குக்கூட நிறுத்தாதீர்கள். தாளம் போட வைத்துக்கொள்ளுங்கள், போதும். அந்த இரவுகளின் கூலியைப் பிடிக்காமல் கொடுத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது காரணம் காகிதம். வருமானச் சான்றுக்கு வெள்ளிமலையிலேயே தாசில்தார் அலுவலகம் உண்டு, கல்வராயன்மலை வட்டத்துக்குத் தலைமையிடமே அதுதானே. பழங்குடியினர் சான்று அப்படியில்லை. அதில் கையெழுத்துப் போடுகிறவர் கோட்டாட்சியர். மனுவை இ-சேவை மையத்தில் போட்டாலும் விசாரணைக்குக் கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டிவரும். பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயர் சில மாவட்டங்களைக் குறிப்பிட்டுத்தான் இருக்கிறது. அதிலும் பழைய மாவட்டப் பெயர்கள். தென்னாற்காடு 1993இல் பிரிந்து விழுப்புரம் வந்தது, விழுப்புரத்திலிருந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி வந்தது. பட்டியலில் இன்னும் தென்னாற்காடுதான். வெளியூர் அலுவலகத்தில் புதிதாக உட்கார்ந்திருக்கும் எழுத்தர் இதைப் பார்த்து விழிப்பது இயற்கை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பழங்குடியினருக்கு 1 விழுக்காடு, மத்திய அரசு நிறுவனங்களில் 7.5 விழுக்காடு. இந்த இடங்களைச் சான்று இல்லாமல் கேட்க முடியாது. பிளஸ் டூ முடிவு வந்த பிறகு சான்றுக்கு அலைவது வீண் வேலை. பிளஸ் ஒன் படிக்கும்போதே வாங்கிவிடுங்கள். ஒருமுறை வாங்கினால் போதும்.

காகிதம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனுவில் கைப்பேசி எண், மின்னஞ்சல் என்று கட்டம் இருக்கும். பல பிள்ளைகள் மனுவைத் தட்டச்சு செய்துகொடுத்த கடைக்காரருடைய எண்ணையே அதில் போட்டுவிடுகிறார்கள். நேர்காணல் தேதி அந்தக் கடைக்காரருக்கு வரும். அவருக்கு இந்தப் பிள்ளை முகம்கூட ஞாபகம் இருக்காது. மலையில் சிக்னல் கிடைப்பது எங்கே, எப்போது என்பது உங்களுக்கே தெரியும். கீழே கச்சிராயபாளையத்திலோ கள்ளக்குறிச்சியிலோ இருக்கிற சித்தப்பா, மாமா எண்ணைக் கொடுங்கள். வாரம் ஒருமுறை அவரிடம் கேளுங்கள்.

சரி, எந்தெந்தக் கதவுகள் எப்போது திறக்கின்றன?

தமிழ்நாடு அரசின் இசைக் கல்லூரிகள் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1949இல் தொடங்கியது, முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். இசைக்கும் கவின் கலைகளுக்கும் தனிப் பல்கலைக்கழகம் 2013இல் வந்தது. இங்கெல்லாம் சேர்க்கை நடப்பது பெரும்பாலும் முடிவு வந்த பிறகு. திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா, ருக்மிணி தேவி 1936இல் தொடங்கியது. அங்கே சேர நேர்காணலும் உண்டு, செய்து காட்டலும் உண்டு.

பட்டம் முடித்தவர்களுக்குக் கணக்கு வேறு. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது, இந்திரா பார்த்தசாரதி உருவாக்கிய துறை. நாடகம் படிக்க நினைக்கிற நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு பெரிய இடம் இல்லை. ஆனால் அங்கே சேர எழுத வேண்டிய, மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு பெரும்பாலும் மார்ச் மாதத்திலேயே நடந்துவிடுகிறது. மனுப் போடுவது டிசம்பர், ஜனவரியில். டிகிரி முடியட்டும் பார்க்கலாம் என்று இருந்தவர்களுக்கு அந்த வருஷம் போய்விட்டது என்று பொருள்.

டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி. 1959இல் தொடங்கியது. பட்டம் வேண்டும், இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு வேண்டும், குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கெடுத்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் ஆறு என்ன, அறுபது இரவு ஆடியிருப்பார்கள். ஆட்டத்துக்குக் குறையில்லை, அத்தாட்சிக்குத்தான் குறை. கூத்து நோட்டீசைப் படித்துவிட்டுக் கடலை மடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். தேதியும் ஊரும் செட்டின் பெயரும் அச்சாகியிருக்கிற அந்தத் தாள்தான் ஆதாரம். வேடத்தோடு ஒரு படம், வாத்தியாரிடம் ஒரு கடிதம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

இனிப் பயணம். காலை ஒன்பது மணிக்குச் சென்னையில் தேர்வு என்றால், முதல்நாள் இரவு பஸ் ஏறி விடியற்காலையில் இறங்கிப் பேருந்து நிலையத்திலேயே முகம் கழுவிக்கொண்டு போவதுதான் வழக்கமாக இருக்கிறது. பாடுகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சன்னல் ஓரம் உட்கார்ந்து இரவெல்லாம் காற்று வாங்கிய தொண்டை காலையில் மேல் ஸ்தாயிக்குப் போகாது. முதல்நாள் காலையிலேயே மலையிலிருந்து இறங்கிவிடுங்கள். கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி, அங்கிருந்து பஸ். ரயிலில் போக வேண்டுமானால் சின்னசேலம். மலையின் மேற்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் கருமந்துறை வழியாகச் சேலம் வசதி. போகிற ஊரில் இரவு தங்க ஓரிடத்தை மனுப் போடும்போதே யோசித்து வைக்க வேண்டும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் பல வீடுகளில் எல்லாம் நின்றுபோவது இந்த இடத்தில்தான். துணைக்கு ஒருவர் போக வேண்டும், அவருக்கு இரண்டு நாள் கூலி போகும். இதைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் தேதியை மட்டும் குறித்து வைத்தால், முதல்நாள் மாலை அப்பா வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

அறைக்குள் என்ன காட்டுவது என்பதற்கு வருகிறேன். இங்கேதான் எனக்குப் பேச ஆசை அதிகம். விடிய விடிய ஆடுகிற கலையை ஐந்து நிமிஷத்தில் காட்டச் சொல்கிறார்கள். சில இடங்களில் மூன்று நிமிஷத்திலேயே போதும் என்று கை காட்டிவிடுவார்கள். கர்ண மோட்சம் ஆடுகிற பையன் எதை எடுப்பான்? போர்க்களத்தை எடுத்துவிடுவான், அதில்தான் கைதட்டல் வாங்கியிருக்கிறான். என்னைக் கேட்டால், களத்துக்குப் புறப்படும் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறுகிற இடத்தை எடுக்கச் சொல்வேன். ஒரு விருத்தம், ஒரு தரு, நாலு வரி வசனம், கடைசியில் சுழன்றாடும் ஒரு கிறுகி. பாட்டும் பேச்சும் கால் வேலையும் மூன்றும் அதற்குள் வந்துவிடும். கூத்தில் வேடம் முதலில் திரைக்குப் பின்னால் நின்று பாடும், பிறகுதான் முகம் தெரியும். அந்தத் திரைப் பாட்டோடு தொடங்கினால் முதல் அரை நிமிஷத்திலேயே குரல் என்னவென்று கேட்பவருக்குப் பிடிபட்டுவிடும். ஆளைப் பார்க்காமல் குரலை முதலில் கேட்கும் இந்த முறையை, அமெரிக்காவில் பாஸ்டன் சிம்ஃபனி இசைக்குழு 1952இல் ஆள் எடுக்கும்போது கையாண்டது. வாசிக்கிறவர் திரைக்கு அந்தப் பக்கம், கேட்கிறவர் இந்தப் பக்கம். நம் ஊரில் திரை பிடிக்கிற இரண்டு பேருக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியாது.

சுருதி விஷயம் ஒன்று. கூத்தில் ஆர்மோனியத்தை உச்சத்தில் வைத்துப் பாடிப் பழக்கம், திறந்த வெளியில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே. சின்ன அறையில் அந்தச் சத்தம் கேட்பவர் காதை அடைக்கும். உங்களுக்கு எத்தனை கட்டை என்று கேட்பார்கள். இரண்டு மாதம் முன்பே ஒரு கட்டையாவது இறக்கிப் பாடிப் பார்த்து, எது தாங்குகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷத்தைக் கைப்பேசியில் நேரம் வைத்துப் பள்ளிக்கூட வராந்தாவில் நாலு பேர் முன்னால் ஆடிப் பழகுங்கள்.

இதுவரை பிள்ளைகளுக்குச் சொன்னேன். கல்லூரிகளுக்கும் சொல்ல இருக்கிறது.

வானொலிக்காரர்களுக்கு ஆடிஷன் பழைய சங்கதி. பி.வி. கேஸ்கர் அமைச்சராக இருந்த காலத்தில், 1952இல், அகில இந்திய வானொலியில் இசைக் கலைஞர்களைக் கேட்டுத் தரம் பிரிக்கும் முறை வந்தது. பி, பி ஹை, ஏ, டாப் என்று தரங்கள். எங்களையே சோதிப்பதா என்று பெரிய வித்வான்கள் கோபப்பட்டார்கள். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். தேர்வு வைக்கிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்ற பேச்சு அப்போதே எழுந்துவிட்டது.

தேசிய நாடகப் பள்ளி முதல் சுற்றுக்கு எல்லாரையும் டெல்லிக்குக் கூப்பிடுவதில்லை. சென்னை உட்படப் பல நகரங்களுக்குத் தேர்வாளர்களை அனுப்புகிறது. டெல்லி சென்னைக்கு வரலாம் என்றால், சென்னை ஏன் கள்ளக்குறிச்சிக்கு வரக்கூடாது? அமெரிக்காவில் நாடகம் கற்பிக்கும் கல்லூரிகள் பல சேர்ந்து, ஜனவரி, பிப்ரவரியில் நியூயார்க், சிகாகோ போன்ற ஊர்களில் ஒரே இடத்தில் ஆளுக்கோர் அறை எடுத்து உட்காருகின்றன. மாணவர் ஒரு பயணத்தில் பல கல்லூரிகளுக்குச் செய்து காட்டிவிடுகிறார். நம் இசைக் கல்லூரிகள் எல்லாமே ஒரே அரசின் கையில் இருப்பவை. மாவட்டத் தலைநகரில் ஒரு பள்ளி அரங்கில் ஒரே நாளில் உட்காருவது பெரிய காரியமா? வீடியோ அனுப்பினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். மலை உச்சியிலிருந்து ஐந்து நிமிஷ வீடியோவை ஏற்றிப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

ஆட்களைத் தேடவும் வேண்டியதில்லை. பள்ளிக் கல்வித் துறை 2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாவட்ட அளவில் ஜெயித்த பிளஸ் டூ பிள்ளைகளின் பட்டியல் துறையிடம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் போட்டு, இந்த நாளில் இந்த இடத்துக்கு வாருங்கள் என்று மூன்று வாரம் முன்னதாகச் சொன்னால் போதும். தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலை முதல் வரிசையைத் தராமல் பதினொரு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

அது நடக்கிற வரைக்கும் நம் பாட்டை நாம்தான் பார்க்க வேண்டும். இரண்டு கல்லூரிகளின் தேதி ஒரே நாளில் மோதினால் பேசாமல் ஒன்றை விட்டுவிடாதீர்கள். அழைப்பு வந்த அன்றே அலுவலகத்துக்குப் போன் செய்து வேறு நாள் கேளுங்கள். கேட்டால்தானே கிடைக்கும் கிடைக்காது என்பது தெரியும்.

இந்த வருஷம் எதுவும் அமையவில்லை என்றால் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. நமக்கு விழுப்புரம் அல்லது சேலம். குரலிசை, வயலின், மிருதங்கம், பரதம், நாதசுரம், தவில், தேவாரம் என்று மூன்று வருஷப் படிப்பு. வயது 12 முதல் 25 வரை. நாதசுரம், தவில், தேவாரம் படிக்கத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். சேர்க்கை இதே கோடையில்தான் நடக்கிறது. ஆகையால் கல்லூரி மனுவைப் போடுகிற அன்றே இசைப்பள்ளி விண்ணப்பத்தையும் வாங்கிப் பூர்த்தி செய்து, சான்றுகளின் நகலோடு, கூத்து நோட்டீசு வைத்திருக்கிற அந்தப் பையிலேயே வைத்துவிடுங்கள்.